கிறிஸ்துமஸ் தாத்தாவின் சொந்த ஊர்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சபையின் கேரல் ரவுண்ட்ஸில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் எனக்கு வந்தது. அதுவரை அந்த வேடத்தைப் போட்டுவந்த அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால், உயரம் சரியாக இருக்கிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பு வெல்வெட் அங்கி, வயிற்றில் வேட்டியால் இறுக்கிக் கட்டிய தலையணை, பஞ்சுத் தாடி ஒட்டிய பிளாஸ்டிக் முகமூடி. வெளியே மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருக்க, முகமூடிக்குள் மூச்சுக்காற்றே நீராகிக் கன்னத்தில் வழியும். கண்ணுக்கென்று வெட்டிய இரண்டு துளைகளின் வழியே நேர் எதிரே நிற்பவர் மட்டும்தான் தெரிவார். ஒரு வீட்டில் பாட்டும் ஜெபமும் முடிந்து, நான் மிட்டாய்ப் பையை நீட்டியபோது, ஐந்து வயது இருக்கும் ஒரு சிறுமி மிட்டாயை எடுக்காமல் என்னை அண்ணாந்து பார்த்து, "தாத்தா, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். "வட துருவம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி அது. அதற்கு ஒழுங்கான பதில் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

நான் சொன்ன பதில் தவறு என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு உண்மையாகவே ஒரு சொந்த ஊர் உண்டு, அங்கே பனி விழுவது அபூர்வம். அது இன்றைய துருக்கியின் தென்கரையில், அந்தாலியா மாகாணத்தில், மத்தியதரைக் கடலை ஒட்டிக் கிடக்கும் தெம்ரே என்ற சிற்றூர். பசுமைக்குடில்களில் தக்காளி விளைவிக்கும் ஊர். அதன் பழைய பெயரை நம்மில் பலர் வாசித்திருக்கிறோம், வாசித்தோம் என்பதுதான் நினைவில் இல்லை. அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்படும் பவுலின் கப்பல் லீசியா நாட்டு மீறாப்பட்டணத்தில் வந்து சேர்கிறது. அங்கே நூற்றுக்கு அதிபதி இத்தாலியாவுக்குப் போகும் அலெக்சந்திரியாக் கப்பல் ஒன்றைக் கண்டு கைதிகளை அதில் ஏற்றுகிறான். அந்த மீறாதான் இன்றைய தெம்ரே. பவுல் அங்கே கப்பல் மாறி ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, அதே கரையில் உள்ள பத்தாராவில் (அதுவும் நடபடிகளில் வரும் ஊர்தான்) பிறந்து, மீறாவின் பேராயராக ஆனவர் நிக்கோலஸ். அந்தச் சிறுமியின் வீட்டு முன்னறையில், குடிலுக்குப் பக்கத்து மேசையில் இருந்த வேதாகமத்துக்குள்ளேயே அவள் கேட்ட ஊரின் பெயர் இருந்திருக்கிறது.

நிக்கோலஸைப் பற்றி வரலாறாக உறுதிப்படுத்தக்கூடியது மிகக் குறைவு. 4ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மீறாவில் பேராயராக இருந்தார். ஒரு டிசம்பர் 6ஆம் நாள் இறந்தார் என்று திருச்சபை மரபு சொல்கிறது. ஆண்டு 343 அளவில் இருக்கலாம். அவர் எழுதியது என்று ஒரு வரியும் நம்மிடம் இல்லை. அவர் காலத்தவர் அவரைப் பற்றி எழுதிய குறிப்பும் இல்லை. 325இல் கூடிய நிக்கேயா ஆயர்கள் சங்கத்தில், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையைக் குறைத்துப் பேசிய ஆரியுஸ் என்ற குருவின் கன்னத்தில் அறைந்தார் என்ற கதை இன்று இணையத்தில் மிகவும் பரவியிருக்கிறது. அது அவர் இறந்து ஆயிரம் ஆண்டுகளை ஒட்டி எழுதப்பட்ட கதை, அதை நான் நம்பவில்லை. ஆனால் 6ஆம் நூற்றாண்டிலேயே பேரரசர் யுஸ்தினியன் கான்ஸ்டான்டிநோபிளில் அவர் பெயர் தாங்கிய கோயில் ஒன்றைக் கட்டினார் என்பதிலிருந்து, மீறாவுக்கு வெளியே வெகு சீக்கிரம் அவர் புகழ் பரவியிருந்தது தெரிகிறது.

அவரைப் பற்றிய மிகப் பழைய கதையில் பரிசுப்பொருள் எதுவும் கிடையாது. லஞ்சம் வாங்கிய ஓர் அதிகாரி மூன்று நிரபராதிகளுக்கு மரண தண்டனை விதித்துவிடுகிறான். செய்தி கேட்டு ஓடிவந்த நிக்கோலஸ், வாளை ஓங்கி நின்ற கொலையாளியின் கையிலிருந்தே அதைப் பிடுங்கி எறிந்து மூவரையும் விடுவிக்கிறார். பஞ்ச காலத்துக் கதை ஒன்றும் உண்டு. எகிப்தின் கோதுமையை ஏற்றிக்கொண்டு தலைநகரத்துக்குப் போகும் கப்பல்கள் மீறாவின் துறைமுகமான அந்திரியாக்கேயில் நின்றபோது, பட்டினி கிடக்கும் தன் ஊருக்காக ஒவ்வொரு கப்பலிலிருந்தும் கொஞ்சம் இறக்கித் தரச் சொல்லி மாலுமிகளிடம் கேட்டார். இறக்கிய பிறகும், போய்ச் சேர்ந்த இடத்தில் அளந்தபோது கோதுமை குறையவில்லை என்கிறது கதை. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் அந்தத் துறைமுகத்தில் கட்டிய மாபெரும் தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. பவுல் ஏறிய கப்பலும் கோதுமைக் கப்பல்தான். புயலில் அவர்கள் கோதுமையைக் கடலில் எறிந்ததை அதே அதிகாரம் சொல்கிறது.

இனி, தாத்தாவின் மூட்டைக்கு மூலமான கதை. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில் மிக்கேல் என்ற மடத்துத் தலைவர் கிரேக்க மொழியில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அது விரிவாக வருகிறது. வசதியாக வாழ்ந்து நொடித்துப்போன ஒரு மனிதருக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லாததால் அவர்களுக்கு வரன் அமையவில்லை. வறுமை முற்றி, பெண்களை விலைமாதர் தொழிலில் விட்டுவிடலாமா என்ற எண்ணத்துக்குத் தகப்பன் வந்துவிட்டார். பெற்றோரை இழந்து அவர்கள் சொத்துக்கு வாரிசாகியிருந்த இளைஞர் நிக்கோலஸின் காதுக்கு இது எட்டுகிறது. அவர் இரவில் போய், ஒரு துணிப்பையில் பொன்னைக் கட்டி, ஜன்னல் வழியே அந்த வீட்டுக்குள் எறிந்துவிட்டுத் திரும்புகிறார். விடிந்ததும் தகப்பன் எடுத்துப் பார்த்துக் கண்ணீர் விட்டு, அந்தப் பொன்னைக் கொண்டு மூத்தவளுக்குத் திருமணம் முடிக்கிறார். மறுபடி ஒரு பை, இரண்டாமவளுக்குத் திருமணம். மூன்றாவது முறை வருவார் என்று தகப்பன் தூங்காமல் காத்திருந்து, பை விழுந்த சத்தம் கேட்டவுடன் இருட்டில் துரத்திப் பிடித்து, இன்னார் என்று அறிந்து காலில் விழுகிறார். நிக்கோலஸ் அவரைத் தூக்கி நிறுத்தி, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்கிறார்.

இந்தக் கதையை ஐரோப்பியர் பலருக்குப் பின்னாளில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நமக்கு ஒரு வரியும் விளக்க வேண்டியதில்லை. சீதனம் இல்லாமல் மூன்று பெண்களோடு உட்கார்ந்திருக்கும் தகப்பனின் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பகலில் கதவைத் தட்டி எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தால் அந்தக் குடும்பம் அதன்பின் அந்தத் தெருவில் எப்படித் தலை நிமிரும் என்பதும் தெரியும். நொடித்துப்போன வீட்டின் மானத்தைக் காப்பாற்றவே இரவும் ஜன்னலும் தேவைப்பட்டன. இன்றைய தாத்தா ஏன் எல்லோரும் தூங்கிய பிறகு வருகிறார், ஏன் வாசல் வழியாக வருவதில்லை, ஏன் அவரை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்கெல்லாம் வேர் இந்த ஒரே காரணத்தில் இருக்கிறது. அவர் வைக்கோல் மெத்தை கிடந்த அறைக்குள் பொன்னை எறிந்தபோது, அந்தப் பெண்கள் நல்லவர்களா, கீழ்ப்படிகிறவர்களா, ஜெபம் செய்கிறவர்களா என்று விசாரிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கதையில் அந்தப் பெண்களுக்குப் பெயர்கூட இல்லை. இல்லாமை இருந்தது, அவர் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஃப்ரா ஆஞ்செலிக்கோ 1437ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த சிறு பலகை ஓவியம் ஒன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே ஒரே கட்டிலில் மூன்று பெண்களும் உறங்குகிறார்கள்; தகப்பன் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருக்கிறார்; வெளியே நிக்கோலஸ் குதிகாலை உயர்த்தி எக்கி நின்று ஜன்னலுக்குக் கையை நீட்டுகிறார். அந்த எக்கிய குதிகால்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. நரைத்த தாடியும் தொப்பையும் இல்லாத ஒரு வாலிபர், சத்தம் கேட்டுவிடுமோ என்ற கவலையோடு நிற்கிறார். ஓவியர்கள் அந்த மூன்று பொன்பைகளை மூன்று பொன்னுருண்டைகளாக வரையத் தொடங்க, அவையே புனிதரின் அடையாளமாகிவிட்டன. ஐரோப்பாவில் அடகுக்கடைக்காரர்களுக்கும் இவரே காவல் புனிதர்.

1087ஆம் ஆண்டில் நிக்கோலஸ் ஊர் மாறினார். செல்ஜுக் துருக்கியர் ஆசியா மைனருக்குள், அதாவது இன்றைய துருக்கிக்குள், பரவிக்கொண்டிருந்த காலம் அது. இத்தாலியின் தென்கிழக்குக் கரையிலுள்ள பாரி நகர மாலுமிகள் மீறாவில் இறங்கி, கோயில் காவலில் இருந்த துறவிகள் அழ அழக் கல்லறையை உடைத்து எலும்புகளை எடுத்துக்கொண்டு, மே 9ஆம் நாள் பாரிக்கு வந்து சேர்ந்தார்கள். அவசரத்தில் அவர்கள் விட்டுப்போன சிறு எலும்புகளைப் பின்னால் வந்த வெனிஸ்காரர்கள் எடுத்துப்போனார்கள். பக்தியின் பெயரால் நடந்த திருட்டு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் திருட்டினால்தான் கிழக்குத் திருச்சபையின் புனிதர் மேற்கு ஐரோப்பாவின் வீடுகளுக்குள் நுழைந்தார் என்பதும் உண்மை. 1950களில் பாரியின் கல்லறையைத் திறந்து எலும்புகளை ஆராய்ந்த உடற்கூற்றியல் பேராசிரியர் லூய்ஜி மார்த்தினோ, அவை எழுபது வயதைக் கடந்த ஓர் ஆணுடையவை என்று கண்டார். மூக்கெலும்பு முறிந்து சரியாகக் கூடாமல் இருந்தது பின்னாளைய ஆய்வில் தெரிந்தது.

மாலுமிகளின் காவலர் என்பதால் அவர் கப்பல் போன இடமெல்லாம் போனார். ஆம்ஸ்டர்டாமில் மிகப் பழைய கோயில் அவர் பெயரில்தான் எழுந்தது. டிசம்பர் 5ஆம் நாள் மாலை, அவர் திருநாளுக்கு முந்திய இரவு, பிள்ளைகள் அடுப்பின் அருகே காலணியை வைத்துவிட்டுத் தூங்குவதும், காலையில் அதற்குள் இனிப்பு இருப்பதும் நெதர்லாந்தில் வழக்கமாகின. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபை வந்து புனிதர் வணக்கத்தை ஒதுக்கியது. 17ஆம் நூற்றாண்டில் சில நகர மன்றங்கள் இந்த விழாவுக்கான பொம்மை, பலகார விற்பனையைத் தடைகூடச் செய்தன. தடையால் எதுவும் நிற்கவில்லை. கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்ட புனிதர் வீட்டுக்குள் தங்கிவிட்டார்.

அந்த வீட்டின் உள்ளே என்ன நடந்தது என்பதை யான் ஸ்டேன் 1660களில் வரைந்த ஓவியம் அப்படியே காட்டுகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள அந்தப் படத்தின் நடுவில் ஒரு சின்னப் பெண் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு, தாய் கையை நீட்டியும் தர மறுத்து நிற்கிறாள். அவள் கையில் இனிப்பு நிறைந்த வாளி. ஒரு பையன் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு புகைபோக்கியை நோக்கி விரலை நீட்டுகிறான். இடப்பக்கம் மூத்த பையன் ஒருவன் அழுதுகொண்டிருக்கிறான். அவன் காலணியை ஒருத்தி தூக்கிக் காட்டுகிறாள். அதற்குள் இருப்பது பிரம்பு. தம்பி அவனைக் கை காட்டிச் சிரிக்கிறான். பின்னால், இருட்டில், பாட்டி திரைச்சீலையை விலக்கி அந்தப் பையனை ரகசியமாகக் கை அசைத்துக் கூப்பிடுகிறாள். அவனுக்கென்று அவள் எதையோ எடுத்து வைத்திருக்கிறாள் என்று எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் படத்தில் மீறாவின் நிக்கோலஸுக்கு மிக அருகில் நிற்பவர் அந்தப் பாட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் பிரம்பு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. பரிசு என்பது நல்ல பிள்ளைக்குக் கிடைக்கும் கூலி, கெட்ட பிள்ளைக்கு அடி என்ற கணக்கு எந்தக் கிரேக்க வரலாற்றிலும் இல்லை. கதை பிள்ளை வளர்ப்பவர்கள் கைக்குப் போனபோது அது ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரியாவில் கொம்பும் சங்கிலியுமாகக் கிராம்பஸ் என்ற பேயுருவம் புனிதரோடு கூட வந்தது, ஜெர்மனியில் சாக்கோடு ருப்ரெக்ட் என்ற வேலைக்காரன் வந்தான். நெதர்லாந்தில் 1850ஆம் ஆண்டு யான் ஸ்கெங்க்மன் என்ற பள்ளி ஆசிரியர் எழுதிய படப்புத்தகம் புனிதரை ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. கூடவே ஒரு கறுப்பின வேலைக்காரனையும் கொடுத்தது. அந்த வேலைக்காரனாக முகத்தில் கரி பூசிக்கொள்ளும் வழக்கத்துக்கு எதிராக அங்குள்ள கறுப்பின மக்கள் பல ஆண்டுகள் போராடி, இன்று பல நகரங்களில் அது கைவிடப்பட்டிருக்கிறது. அவர்கள் போராட்டம் நியாயமானது. ஒருவன் மானத்தைக் காக்க இருட்டில் வந்தவரின் விழாவில் இன்னொருவன் மானம் போவது பொருந்தாது.

ஓடின் என்ற பழைய ஜெர்மானியக் கடவுள்தான் பெயர் மாறி இந்தத் தாத்தா ஆனார் என்று சிலர் உறுதியாக எழுதுகிறார்கள். வானத்தில் செல்லும் குதிரையும் தாடியும் ஒத்துப்போகின்றன என்பதைத் தாண்டி அதற்கு அழுத்தமான சான்று எதையும் நான் கண்டதில்லை. இடையில் ஒவ்வொரு நூற்றாண்டிலும் நிக்கோலஸின் தடம் தெளிவாகக் கிடைக்கும்போது வேறொரு தகப்பனைத் தேட வேண்டிய தேவை எனக்குப் புரியவில்லை.

பேராயர் தாத்தாவானது நியூயார்க்கில். அது முன்பு டச்சுக்காரர்களின் குடியேற்றம். 1809இல் வாஷிங்டன் இர்விங் அந்நகரின் டச்சுக் காலத்தைப் பற்றி எழுதிய கற்பனை வரலாற்றில் நிக்கோலஸைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் மரங்களின் உச்சிக்கு மேலே வண்டியோட்டிப் பறந்தார். 1810 டிசம்பர் 6 அன்று ஜான் பின்டார்ட் என்ற வணிகர் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தின் விருந்துக்காகப் புனிதரின் படம் ஒன்றை அச்சிட்டு வழங்கினார். டச்சு வீடுகளில் சின்ட் நிகொலாஸ் என்பது சின்டர்கிளாஸ் ஆகத் தேய்ந்திருந்தது. அது ஆங்கிலேயர் வாயில் சாண்டா கிளாஸ் ஆனது. 1821இல் வெளியான குழந்தைப் பாடல் ஒன்றில்தான் முதன்முதலாக ஒரு கலைமான் அவரை இழுத்து வருகிறது, வரும் நாளும் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவாக மாறுகிறது. அதே பாடலின் முடிவில் கெட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கறுத்த நீண்ட பிரம்பு ஒன்றையும் அவர் விட்டுச்செல்கிறார்.

இரண்டே ஆண்டுகளில் அந்தப் பிரம்பு மறைந்தது. 1823 டிசம்பர் 23 அன்று நியூயார்க் மாநிலத்து டிராய் நகரச் செய்தித்தாள் ஒன்று பெயரில்லாமல் ஒரு கவிதையை வெளியிட்டது. எபிரேய மொழி அறிஞரான கிளெமென்ட் கிளார்க் மூர் பின்னாளில் அதைத் தன்னுடையது என்று தன் தொகுப்பில் சேர்த்தார். எட்டுக் கலைமான்கள், கூரைமேல் குளம்பொலி, புகைபோக்கி, முதுகில் மூட்டை, குலுங்கும் வயிறு எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் வரும் நிக்கோலஸ் யாரையும் கேள்வி கேட்பதில்லை. தொங்கும் எல்லாக் காலுறைகளையும் நிரப்பிவிட்டுப் போகிறார். இந்தக் கதையின் அமெரிக்க வடிவங்களில் மூலத்துக்கு மிகவும் நெருங்கியது இதுதான் என்பேன்.

ஆனால் கணக்குப் புத்தகம் வெகு விரைவில் திரும்பி வந்தது. ஜெர்மனியின் லாண்டாவில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்த தாமஸ் நாஸ்ட், ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் ஆண்டுதோறும் சாண்டாவை வரைந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே 1863 ஜனவரி 3 இதழில் அவர் வரைந்த சாண்டா, நட்சத்திரமும் கோடும் போட்ட உடையில் வடபகுதிப் படைவீரர்களுக்குப் பரிசு கொடுக்கிறார். ஒரு தரப்புக்காக மட்டும் வந்த நிக்கோலஸ். 1871ஆம் ஆண்டுப் படத்தில் சாண்டா மேசையில் உட்கார்ந்து தபால் பார்க்கிறார். பக்கத்தில் இரண்டு கடிதக் குவியல்கள்: ஒன்று நல்ல பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை, மற்றது குறும்புப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை, இரண்டாவது குவியல் மிக உயரம். நான் அன்று அந்தச் சிறுமிக்குச் சொன்ன பதிலும் நாஸ்டிடமிருந்து வந்ததுதான். 1866ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வரைந்த படத்தின் ஓரத்தில் சாண்டாவின் ஊர் வட துருவத்தில் என்று முதலில் குறித்தார். 1931இல் கோக்ககோலா விளம்பரங்களுக்காக ஹாடன் சண்ட்ப்ளோம் வரையத் தொடங்கியபோது சிவப்பு உடை ஏற்கெனவே நன்றாகப் பரவியிருந்தது. அந்த நிறுவனம்தான் சிவப்பைக் கொடுத்தது என்பது சரியில்லை. சிரிப்பைத்தான் அவர் நிலைப்படுத்தினார்.

துருக்கியர் அவரை நோயல் பாபா என்கிறார்கள், அதாவது கிறிஸ்துமஸ் அப்பா. ஆங்கிலேயருக்கும் அப்பாதான். நாம் தாத்தா என்று வைத்தோம். ஈழத்தில் நத்தார் தாத்தா. அது பொருத்தமான பெயர், ஏனென்றால் நம் வீடுகளில் தாத்தா பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கும்போது மதிப்பெண் பார்ப்பதில்லை.

தெம்ரேயில் 2000ஆம் ஆண்டு ரஷ்யா அன்பளிப்பாகத் தந்த நிக்கோலஸின் வெண்கலச் சிலை ஒன்று ஊர்ச் சதுக்கத்தில் உயர்ந்த பீடத்தில் நிறுவப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து நகராட்சி அதை அகற்றிவிட்டு, சிவப்பு உடையில் பிளாஸ்டிக் சாண்டா ஒன்றை அங்கே வைத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த முகம்தான் தெரியும் என்பது காரணம். எதிர்ப்பு வந்த பிறகு வெண்கலச் சிலையை அங்குள்ள நிக்கோலஸின் பழைய கோயிலின் அருகே, பீடம் இல்லாமல், கொண்டுவந்து வைத்தார்கள். கோயில் சாலை மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே இருக்கிறது. மீரோஸ் நதி நூற்றாண்டுக்கணக்கில் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் புதைந்து, பிறகு தோண்டி எடுக்கப்பட்டது. படிகளில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். டிசம்பர் 6 அன்று கிரேக்கத் திருச்சபையினர் அங்கே வழிபாடு நடத்துகிறார்கள். பக்கவாட்டு நடையில் ஒரு பளிங்குப் பேழை இருக்கிறது. அதன் முன்பக்கம் உடைந்து பெரிய ஓட்டையாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் அதன் அருகே நின்று ஜெபிக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.